ரொட்டி வண்டியின் சிவப்பு விளக்கு

முருகேசா,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. உங்கப்பா பேருக்கு முன்னால் போட்டிருந்த 'காலஞ்சென்ற' என்ற வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்குப் பக்கத்திலேயே என் பேரையும் படித்தேன். படித்துவிட்டு அரிசிப் பானை மூடிமேல் பத்திரிகையை வைத்தேன். மூணு நாளாக அது அங்கேதான் இருக்கிறது. அரிசி எடுக்கும்போது எடுத்துக் கீழே வைக்கிறேன், திரும்ப மேலே வைக்கிறேன். சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன் அய்யா. வரமாட்டேன் என்கிறது. உன் பெரியப்பா வீட்டுப் பிள்ளையை விட்டு இந்தக் கடிதத்தை எழுதச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம், இது இன்னொருத்தர் கையால் எழுதக் கூடிய சங்கதி இல்லை என்று நானே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை சுதா பேசினாள். தாலி ஏறும் முன்னாலேயே வாய் நிறைய அத்தை என்கிறது அந்தப் பிள்ளை. அவள் அப்பா கோயில் கோயிலாகப் போவதற்கு, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து ஒரு பழைய வேன் வைத்திருக்கிறாராமே. கல்யாணம் முடிந்து உங்கள் ரெண்டு பேரையும் அதில்தான் பழனிக்கும் இங்கேயும் கூட்டி வருவதாக இருந்தாராம். "வண்டி சார்ஜ் ஏற மாட்டேங்குதுன்னு அப்பா பத்து நாளா அல்லாடுறாக அத்தை. உங்க மகன்கிட்டக் கொஞ்சம் பாருங்கன்னு சொன்னேன். எனக்கு ஒயரப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னுட்டாக" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உனக்கா ஒயரைப் பற்றித் தெரியாது? ஆனால் உன்னை அப்படிச் சொல்ல வைத்தது யாரென்று எனக்குத் தெரியும். அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வண்டி சார்ஜ் ஏறாமல் போனதற்கு நீ போட்ட ஒயர் காரணம் இல்லை. மேகமலையில் அன்றைக்கு வண்டி கிளம்பாமல் போனதற்கும் நீ காரணம் இல்லை. நான்தான். உங்கப்பா காரியம் முடிந்த மூணாவது வாரமே எனக்கு அது தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி எழுதுவதெல்லாம் அது எப்படி என்பதுதான்.

அந்த வண்டியை உங்கப்பா வாங்கி வந்தபோது உனக்குப் பத்து வயசு. ஏதோ ரொட்டிக் கம்பெனி ஓட்டித் தள்ளிய வண்டி. உள்ளே தட்டுத் தட்டாக இருந்த இரும்புச் சட்டத்தை அறுத்து எறிந்துவிட்டு, ஒரு பக்கம் சங்கிலியில் தொங்குகிற பலகைக் கட்டில், இன்னொரு பக்கம் பம்ப் அடுப்பு, தண்ணீர் டிரம், பின்னால் அண்டாவும் சட்டுவமும் என்று வைத்துவிட்டார். கல்யாணச் சமையலுக்குப் போனால் மண்டபத்துக்காரர்கள் எங்கேயாவது ஒரு மூலையைக் காட்டிப் படுக்கச் சொல்வார்கள். அவருக்கு அது பிடிக்காது. "நம்ம வீட்டை நாமளே கொண்டுபோயிருவோம் புள்ள" என்றார். முகூர்த்த மாசங்களில் நாம் அந்த வண்டிக்குள்தான் குடித்தனம் நடத்தினோம். உத்தமபாளையம், கூடலூர், கெங்குவார்பட்டி என்று எங்கே போனாலும் பிள்ளைகள் ரொட்டி கேட்டு ஓடி வரும். பெயிண்ட் அடித்த பிறகும் அந்த ரொட்டிக் கம்பெனி எழுத்து வெயிலில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. உன் பள்ளிக்கூடத்தில் உன்னை 'பன்னு' என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வந்தாய். உங்கப்பா, பன்னு என்று கூப்பிட்டவனுக்கு எல்லாம் கேசரி கொடுத்து அனுப்பினார். மறுநாளில் இருந்து உன்னைக் கேசரி என்று கூப்பிட்டார்கள்.

நீ ஓடுகிற காலத்தில் இருந்தே வண்டிச் சத்தத்தைக் காதால் தின்கிற பிள்ளை. சாவியைத் திருகினால் ஒரே ஒரு தரம் டிக் என்றால் பேட்டரியில் தெம்பில்லை, கர கர என்று சுற்றிவிட்டுக் கிளம்பவில்லை என்றால் டீசல் வரவில்லை என்று பன்னிரண்டு வயசில் எனக்குப் பாடம் எடுத்தாய். பத்தாவது முடித்ததும் சின்னமனூரில் சுந்தரம் அண்ணன் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் சேர்ந்தாய். மூணே வருஷத்தில் கடையை உன்னிடம் விட்டுவிட்டு அவர் சாப்பிடப் போகிற அளவுக்கு வந்தாய். அப்போதுதான் நம் வண்டியில் கட்டிலுக்குக் கீழே ரெண்டாவது பேட்டரி வைத்தாய். நின்ற இடத்தில் ஃபேனும் டியூப் லைட்டும் அதில் ஓடும், கிளம்புகிற பேட்டரி பத்திரமாக இருக்கும் என்றாய். நடுவில் ஒரு சுவிட்சு. அந்த ஃபேன் காற்றில் உங்கப்பா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "எந்தக் கலெக்டர் வீட்டுலடா இந்தச் சொகம் இருக்கு" என்றார். அதை நீ மறந்திருப்பாய். அதற்குப் பின்னால் அவர் சொன்னது மட்டும்தான் உன் காதில் நிற்கும்.

இப்போது ஆயுத பூசை நாளுக்கு வருகிறேன். வண்டியைக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து, வாழைக் கன்று கட்டியாகிவிட்டது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த முருகன் படத்தில் சின்னதாக ஒரு பல்பு எரியுமே, அது காலையில் இருந்து எரியவில்லை. பூசை நாளில் சாமிக்கு விளக்கில்லாமல் இருக்கலாமா? கடை எல்லாம் பூசை போட்டுச் சாத்திக் கிடந்தது. சுந்தரம் அண்ணன் கடையிலும் ஆள் இல்லை. நீ கடை ஆட்களோடு தேனிக்குப் போயிருந்தாய். உங்கப்பா பூசணிக்காய் வாங்கப் போனார். அந்த நேரத்தில்தான் எனக்குப் புத்தி அப்படிப் போனது. மீட்டர் போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது. அந்தப் போர்டில் மற்ற விளக்கெல்லாம் செத்துப்போய் வருஷக் கணக்காகியிருந்தது. உங்கப்பா அந்தப் பக்கமே பார்க்க மாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிற எனக்குத் தெரியும், சாவியைப் போட்டதும் அது ஒன்று மட்டும் எரியும். இன்ஜின் முழித்ததும் அணைந்துவிடும். ஓடும்போது எரியாத விளக்கு எதற்கு என்று நினைத்தேன். போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். திருகினதும் கையோடு வந்தது. சாமி படத்தில் இருந்ததும் அதே அளவுதான். போட்டேன், எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? சந்தனம் குழைத்து வண்டிக்கெல்லாம் பொட்டு வைத்தபோது, அந்தச் சிவப்புக் கண்ணாடி மேலும் தடிமனாக ஒரு பொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். மறைக்க வேண்டும் என்று வைத்தேனா, எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல வைத்தேனா என்று எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை நம் ஆட்கள் யாரும் சுரண்ட மாட்டார்கள். அது காய்ந்து, கல்லாகி, அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாளில் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் டிக் என்று நின்றுவிடும். நீ பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாய். முனையில் பூத்திருந்த பச்சையைச் சுடுதண்ணீரும் சோடா மாவும் போட்டுக் கழுவினாய். பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, தொய்வாக இருக்கிறது என்று இழுத்து மாட்டினாய். மீட்டரை வைத்துப் பார்த்தாய். இன்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் காட்ட வேண்டும், பன்னிரண்டிலேயே நிற்கிறது என்றாய். "அப்ப சார்ஜ் ஏத்துற ஆல்டர்நேட்டர்தான் செத்துப்போச்சு" என்றார் உங்கப்பா. அதைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு, கம்பத்தில் சமையல் இருந்த நாளில் அங்கே இருந்தே பஸ் ஏறிச் சின்னமனூருக்குக் கொண்டு போனார். சுந்தரம் அண்ணன் அதைப் பெஞ்சில் பூட்டி ஓட்டிப் பார்த்தால் பதினாலு காட்டியது. உள்ளே தேய்ந்திருந்த கார்பனை மட்டும் மாற்றிக் கொடுத்தார். திரும்ப வண்டியில் மாட்டினால் பன்னிரண்டு. திரும்பக் கழற்று, திரும்பச் சாக்கில் கட்டு. மூணு தரம் நடந்தது. பெஞ்சில் வேலை செய்கிறது, வண்டியில் செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம்? வண்டியில் இருக்கிற ஒயரில்தான் கோளாறு. வண்டியில் ஒயரைத் தொட்டவன் யார்? நீ. "ஒத்த மாட்டுல ரெண்டு வண்டியைப் பூட்டிட்டான்" என்று உங்கப்பா போகிற இடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். ரெண்டாவது பேட்டரியையே கழற்றி வைத்துப் பார்த்தாய். அப்போதும் ஏறவில்லை. "நீ நோண்டுன நோண்டுல உள்ள எங்கயோ தின்னுக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

சின்னமனூர் மண்டபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அது உனக்கும் மறக்காது. நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்தாய். "ப்பா, இந்தப் பேட்டரி லைட்டு எரியுதா?" என்று கேட்டாய். "அந்தப் போர்டுல நான் வாங்குன நாள்லருந்து எதுடா எரிஞ்சிருக்கு" என்றார் அவர், வெங்காயம் அரிந்துகொண்டே. நீ விடவில்லை. "இல்லப்பா, இது எரிஞ்ச மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கு. போர்டைக் கழட்டிப் பாத்துருவோம்" என்றாய். போர்டைக் கழற்ற வேண்டும் என்றால் முருகன் படத்தை எடுக்க வேண்டும். ஒரு பல்புக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நிஜமாகவே எனக்குத் தெரியாது. ஆனால் நான் கையை விட்டது தெரிந்தால் உங்கப்பா இருபது பேருக்கு முன்னால் வைவாரே என்று இருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு வெட்கத்துக்காக வண்டிக்கிட்டே வந்து, "இன்னைக்கு வெள்ளிக்கெழம, சாமியை எடம் மாத்தாதய்யா" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிம்மா, நாளைக்குப் பாப்போம்" என்று இறங்கினாய்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் மத்தியானம் பந்தி முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை கார் வெளியே போக வேண்டும், நம் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றது. நாதஸ்வரக்காரர்கள்கூட வந்து தள்ளினார்கள். யாரோ, "மாஸ்டர், சாம்பாரை ஊத்திப் பாருங்க, கிளம்பும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உங்கப்பா இறங்கி வந்து உன்னை அறைந்தார். பத்தொன்பது வயசுப் பிள்ளையை, அத்தனை பேருக்கு நடுவில். "ஏலே, இனி இந்த வண்டியில நீ கை வச்ச, நான் உனக்கு அப்பன் இல்ல" என்றார். நீ கன்னத்தைக்கூடத் தடவவில்லை. டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு சுந்தரம் அண்ணன் கடைக்கு நடந்து போய்விட்டாய். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் பேட்டரியை வெளியே கொடுத்துச் சார்ஜ் ஏற்றி ஏற்றி வண்டியை ஓட்டினார். ஒரு தரம் ஏற்றினால் ரெண்டு நாள் தாங்கும். கார்த்திகை மாசம் மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் கல்யாணச் சமையல் வந்தது. போக வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, ஒத்துக்கொண்ட கல்யாணத்தை எப்படி விடுவது? ஏறிப் போய் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். குளிரில் எண்ணெய் எல்லாம் உறைந்து கிடந்தது. "எல்லாத்தையும் அணைச்சிரு புள்ள, காலையில கிளம்பணும்" என்றார். ஃபேன் இல்லை, லைட் இல்லை, அகல் விளக்கில்தான் காய் நறுக்கினோம். சாமி விளக்கை மட்டும் நான் அணைக்கவில்லை. "அதையும் அணை" என்றார். "மலையில வந்து சாமியை இருட்டுல வைக்கச் சொல்றிகளா" என்றேன். அவர் திரும்பக் காய் நறுக்கக் குனிந்துவிட்டார். போன அன்றைக்கு, மறுநாள், அதற்கும் மறுநாள் என்று அது எரிந்துகொண்டே இருந்தது.

கல்யாணத்தன்று காலைப் பந்தி முடிந்து பத்து மணி இருக்கும். கவிழ்த்து வைத்த அண்டாமேல் உட்கார்ந்து, நெஞ்சு கரிக்கிறது என்றார். வாயு என்று சுக்கு வைத்துக் கொடுத்தேன். வேர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில். இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எஸ்டேட் ஜீப் பெண் வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. அங்கே அது ஒன்றுதான் ஜீப். அதனால் நம் வண்டியில் ஏற்றினோம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஓட்டத் தெரிந்தவர், சாவியைப் போட்டுத் திருகினார். டிக். திரும்பத் திருகினார். டிக். நீ சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு நினைவு வந்தது. லயத்து ஆட்கள் வந்து தள்ளினார்கள். முன்னால் ஏற்றம், பின்னால் சேறு. பின்னுக்குத் தள்ளினால் இறக்கம் கிடைக்கும் என்று தள்ளினார்கள், சக்கரம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. உங்கப்பா சும்மா இருக்கவில்லை. நான் பிடிக்கப் பிடிக்க இறங்கி வந்து அவரும் ஒரு தரம் தோளைக் கொடுத்தார். அப்படியே சறுக்கி உட்கார்ந்தவர்தான். ஜீப் திரும்பி வந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. அந்தக் கல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்தோம். தலை என் மடியில் இருந்தது. "கடைசியில அவன் ஒயரு நம்மள அங்கன நிப்பாட்டிருச்சு பாத்தியா" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. சமவெளிக்கு வரும் முன்னாலேயே முடிந்துவிட்டது.

இந்தக் கடைசி வார்த்தையை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். ஆனால் பாதி உண்மை சொல்லி இனி என்னால் ஆகாது. அவர் அப்படி நம்பிக்கொண்டேதான் போனார். மடியில் தலை இருந்தபோதுகூட, அது ஒயர் இல்லைங்க என்று சொல்ல எனக்கு விவரம் இல்லை. விவரம் வந்தபோது கேட்க அவர் இல்லை. எனக்குள் எது ஆறினாலும் இது ஆறாது.

சின்னமனூர் ஆஸ்பத்திரி வாசலுக்கு நீ ஓடி வந்தாய். சட்டையெல்லாம் கிரீஸ். உன் பெரியப்பா, "ஒயரை நோண்டுனவன் வாரான், வழி விடுங்கப்பா" என்றார். ஒருத்தரும் அவரை அதட்டவில்லை. நானும்தான். நீ கொள்ளி வைத்தாய், மொட்டை போட்டாய், பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் இருந்தாய். வந்தவர்கள் துக்கம் கேட்டுவிட்டு உன்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் மலையில் கிடந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்து விலை பேசினார்கள். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதால் சுந்தரம் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். நீ அன்றைக்கு அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போயிருந்தாய். அவர் வேறொரு பேட்டரியை வைத்து, சாவியைப் போட்டு, போர்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் கட்டை விரல் நகத்தால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டினார். பொருக்காக உதிர்ந்தது. "ஏத்தா, இங்கன ஒரு பல்பு இருக்கணுமே" என்றார். தன் பையில் இருந்து ஒன்றை எடுத்துத் திருகினார். சிவப்பாக எரிந்தது. வண்டியைக் கிளப்பினார், அணைந்தது. மீட்டரை வைத்தார். பதினாலு.

"ஆல்டர்நேட்டரு தானா முழிக்காதுத்தா. சாவி போட்டதும் இந்தப் பல்பு வழியாத்தான் கொஞ்சம் கரண்டு போயி அதை எழுப்பிவிடும். இது இல்லேன்னா அது தூங்கிக்கிட்டே சுத்தும். நல்லா வெரட்டி ஓட்டுனா என்னைக்காவது தானா முழிச்சுக்கிரும். அதான் ஒரு நாள் ஏறியிருக்கு, ஒரு நாள் ஏறல" என்றார். "எங்கடைப் பெஞ்சில பல்பு போட்டுத்தான் ஓட்டுறோம், அதனால அங்கன சரியாக் காட்டியிருக்கு. மாஸ்டர் அண்ணன் சாக்குல கட்டிக் கொண்டாராம வண்டியைக் கொண்டாந்திருந்தா நானே பாத்திருப்பேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் முருகன் படத்தைப் பார்த்தார். அந்தப் பல்பு எரிந்துகொண்டு இருந்தது. என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீயே உம்மகன்ட்டச் சொல்லிருத்தா. சொல்லாம விட்றாத" என்றார். சொல்கிறேன் என்றேன்.

நீ ராமேஸ்வரத்தில் இருந்து வந்தாய். சோறு போட்டேன். ரெண்டாம் தரம் ரசம் ஊற்றும்போது சொல்லலாம் என்று இருந்தேன். மோருக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ கை கழுவிவிட்டாய். புருசனும் போய்விட்டார், இதைச் சொன்னால் இருக்கிற ஒரு பிள்ளையும் என் முகத்தில் முழிக்காது என்று பயந்தேன். சொல்லாததால் மட்டும் நீ இருந்தாயா? மறு வாரமே டூல்ஸ் பையைச் சுந்தரம் அண்ணன் கடையில் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாய். பனியனை மடித்து அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் திதிக்கு வருவாய். நம் வீட்டில் டியூப் லைட் ஸ்டார்ட்டர் போனால்கூட, "எலெக்ட்ரீசியனைக் கூப்பிடும்மா" என்பாய். ஸ்டூலில் ஏற மாட்டாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். வாயோடு நிற்கும். இப்படியே ஆறு வருஷம்.

நேற்றுக் காலையில் உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உன் பத்திரிகையை ஊரில் கொடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள், பத்துப் பன்னிரண்டு பேர். அது நல்லதுதான் என்று அவர்கள் நடுவிலேயே சொன்னேன், பல்பில் இருந்து பொட்டு வரைக்கும். உன் பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா, "இப்பச் சொல்லி என்னத்துக்கு, கல்யாண வீட்டுல" என்றார். அவ்வளவுதான். எல்லாரும் காபி குடித்தார்கள். எத்தனை வருஷம் உன்னை அமுக்கிய பாரம்! அதை இறக்கி வைத்தால் ஒரு காபிக்குள் முடிந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். சுதா என்றைக்காவது ஏதாவது தப்புச் செய்துவிட்டு உன்னிடம் சொல்ல வந்தால், இருபது பேருக்கு முன்னால் அவளை வைகிற ஆளாக இருக்காதே. உங்கப்பா நல்லவர். ஆனால் அவர் வைவாரே என்று பயந்துதான் நான் அந்த வெள்ளிக்கிழமை பொய் சொன்னேன். அவர்மேல் பழியைத் தள்ளவில்லை, என் பங்கு என்னோடதுதான். மன்னித்துவிடு என்று எழுதவும் நான் உட்காரவில்லை. நீ மன்னித்தாலும் அவர் அந்த மலையில் இருந்து இறங்கப் போவதில்லை. மணவறையில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள உனக்கு மனசு வரவில்லை என்றால், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிடுவேன். அதற்கும் மனசு வராது என்றால், வராதே என்று ஒரு வரி எழுதிப் போடு. தப்பாக நினைக்க மாட்டேன்.

சாமி படத்தில் இருந்த அந்தப் பல்பு என்னிடம்தான் இருக்கிறது. வண்டியைக் கொடுக்கும்போது படத்தோடு கழற்றி வந்தேன். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் குழியில் கிடக்கிறது. இந்தக் கடிதத்தோடு அனுப்பலாம் என்று பஞ்சில் சுற்றினேன், தபாலில் உடைந்துவிடும் என்று எடுத்து வைத்துவிட்டேன்.

உன் மாமனார் வண்டிக்கு நீயே போ. ஆளைக் கூப்பிடாதே. ஆல்டர்நேட்டரைக் கழற்றாதே, பெல்ட்டைத் தொடாதே, பேட்டரியை மாற்றச் சொல்லாதே. முதலில் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போடு. சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். அந்த இடத்தில் சந்தனமோ குங்குமமோ இருந்தால், சாமிக்கு வைத்தது என்று விடாதே. யார் வைத்ததாக இருந்தாலும் சரி, நகத்தை வைத்துச் சுரண்டு.

அம்மா